மேடை நாளில் அவர் பேசுவதில்லை

அன்று காலை என் கணவர் பேசவில்லை. எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

காரணம் இருக்கிறது. யூராய் ஓபராப் பாடகர். ரெனர் குரல் (ஆண் குரல்களில் மேல் சுரங்களைப் பாடுகிற குரல்). மேடை ஏற வேண்டிய நாளில் விடிந்ததிலிருந்து மாலைவரை ஒரு சொல் பேசமாட்டார். தொண்டைக்கு ஓய்வு. பாடகர்கள் பலரிடம் இந்தப் பழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் அது சட்டம். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சின்னக் கொப்பி தொங்கும், வேண்டியதை அதில் எழுதிக் காட்டுவார். நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவள், நிறுத்தத்துக்கு நிறுத்தம் சனத்தோடு தொண்டை கிழியக் கத்துகிறவள். பதினான்கு வருடக் கலியாண வாழ்க்கையில் அந்த மௌன நாட்கள் எனக்குப் பெரிய சந்தோசம். நான் கதைத்துக்கொண்டே போகலாம், மறுத்துக் கதைக்க ஆளில்லை. எந்தப் பெண்சாதிக்குக் கிடைக்கும் அந்தக் கொடுப்பினை!

அந்தச் சந்தோசத்துக்குத்தான் பிறகு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பக்கவாதம் வந்து பேச்சை இழந்த ஒருவரோடு வீட்டில் இருக்கிறவர்கள் இதை வாசிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பட்டதைச் சொல்லலாம்.

யூராய் ஸ்லோவாக்கியாவின் கிழக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். அப்பா ரயில்வேயில் வேலை. தேவாலயப் பாடகர் குழுவில் பாடி, கோசிட்சே நகரத்து இசைக் கல்லூரியில் படித்து, அங்கே ஒரு சிறிய அரங்கத்தில் ஐந்து வருடம் நாயகப் பாத்திரங்கள் பாடியிருக்கிறார். அந்தத் துணிச்சலில் ரொறன்ரோவுக்கு வந்தார். இங்கே கிடைத்ததெல்லாம் காவல்காரன், கடிதம் கொண்டுவருகிறவன், குடிகாரச் சிப்பாய். அதோடு ‘கவர்’ வேலை. கவர் என்றால், நாயகனின் பாத்திரம் முழுவதையும் மனப்பாடமாக்கிக்கொண்டு, நாயகனுக்கு உடம்புக்கு முடியாமல் வந்தால் ஏறிப் பாடத் தயாராகக் காத்திருப்பது. பதினொரு வருடம் காத்திருந்தார். எந்த நாயகனுக்கும் ஒரு தடிமன் காய்ச்சல்கூட வரவில்லை.

நான் அவரைச் சந்தித்தது பஸ்ஸில்தான். அவர் அப்போது பார்க்டேலில் ஒரு அறையில் இருந்தார், நானும் அந்தப் பக்கத்துப் பாதையில் பஸ் ஓட்டினேன். பின்னாலிருந்து பாட்டு முனகிக்கொண்டு வருவார். ஒருநாள் மைக்கில் சொல்லிவிட்டேன், பின்னால் இருக்கிற ஆள் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று. இறங்கும்போது முன் கதவுக்கு வந்து, “மேடம், அது என் குரலில் காற்பங்குதான்” என்றார். சரியான விசரன், பைத்தியக்காரன் என்று நினைத்தேன். அந்த விசரனைத்தான் கட்டினேன்.

எங்களுக்குள் ஆங்கிலம். அவருக்கு வந்த தமிழ் ஒரு கைப்பிடி: ஓம் (ஆம்), இல்லை, தேத்தண்ணி, போதும், காலமை (காலை), தெரியும். நான் ஏசத் தொடங்கினால் இரண்டு கையையும் தூக்கி “தெரியும், தெரியும்” என்பார். அதோடு என் கோபம் போய்விடும்.

இனி அந்த நாள். முதல் நாள் மாலை தொலைபேசி வந்தது. நாயகனுக்குக் காய்ச்சல், நாளைக்கு யூராய்தான் பாட வேண்டும் என்றார்கள். மனுசன் சமையலறையில் என்னைத் தூக்கிச் சுற்றினார். நான் வேலைக்கு லீவு போட்டேன், சேலையை எடுத்து அயன் பண்ணினேன். படுக்கப் போகும்போது, “நாளைக்கு நான் பேசமாட்டேன்” என்று சிரித்தார். ஒழுங்காக அவர் சொன்ன கடைசி வசனம் அது.

காலையில் குளியலறையிலிருந்து வர நேரமாயிற்று. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தவர் பாதியை மேசையில் ஊற்றினார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. கொப்பியில் எதுவும் எழுதவில்லை. நாலையும் என் கண் கண்டது. நாலுக்கும் நானே காரணம் சொல்லிக்கொண்டேன்: பதற்றம். பதினொரு வருடம் காத்திருந்தவனுக்குக் கை நடுங்காதா?

“என்ன யூராய், ஒரு மாதிரி இருக்கிறீங்கள்?” என்று கேட்டேன்.

அவர் இடது கை விரலை உதட்டில் வைத்தார். மேடை நாளில் எப்போதும் செய்வதுதான். நான், “சரி சரி, வாய் திறக்கேல்லை” என்று சிரித்துவிட்டுத் தலைமயிர் கட்டச் சலூனுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது பன்னிரண்டரை. கண்ணாடிக்கு முன்னால் கழுத்துப் பட்டியோடு நின்றார். வலப்பக்க உதடு கீழே இழுபட்டிருந்தது. “யூராய், கதையுங்கோ! ஒரு சொல்லுச் சொல்லுங்கோ!” என்று கத்தினேன். வாய் திறந்தது, காற்றுத்தான் வந்தது. அம்புலன்ஸுக்கு அடித்தேன்.

மருத்துவமனை நடைபாதையில் ஓர் இளம் டொக்டர் என்னோடு சேர்ந்து ஓடிக்கொண்டே கேட்டார்:

“கடைசியாக எப்போது நன்றாகப் பேசினார்?”

“நேற்று இரவு, படுக்கும்போது.”

“காலையில்?”

“பேசவில்லை.”

“பேச முடியவில்லையா, பேசவில்லையா?”

“மேடை நாளில் அவர் பேசுவதில்லை.”

அவர் நின்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றம் ஒன்றும் இருக்கவில்லை, விளங்காமல்தான் பார்த்தார். ஆனால் இரண்டு வருடமாக அந்தப் பார்வை என்னை விட்டுப் போகவில்லை.

மூளையின் இடப்பக்கத்துக் குழாயில் இரத்தக் கட்டி அடைத்திருந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்து இருக்கிறது, ஆனால் தொடங்கிய சில மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். தொடங்கிய நேரம் தெரியாது. படமெடுத்துப் பார்த்துவிட்டு, இனி அந்த மருந்தைக் கொடுத்தால் ஆபத்து என்றார்கள். வயர் விட்டு இழுத்தெடுக்கலாம் என்றால், அது அவ்வளவு பெரிய குழாயும் இல்லை. அன்று மாலை காய்ச்சல்கார நாயகன் எழும்பி வந்து பாடினாராம். நான் அயன் பண்ணிய சேலை நாற்காலியில் ஒரு கிழமை, ஏழு நாளும் அப்படியே கிடந்தது.

வலது கை மெல்ல மெல்லத் திரும்பியது. பேச்சுத் திரும்பவில்லை. அதற்குப் பெயர் அஃபேசியா (மூளைக் காயத்தால் சொற்கள் வாய்க்கு வராமல் போகும் நிலை; அறிவு கெடுவதில்லை). நான் சொல்வது அவருக்கு விளங்கும். சொல்ல நினைப்பதும் தெரியும். இடையில் இருக்கிற பாதைதான் மூடிக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் “ஓம்” என்பார். பசிக்குதா, ஓம். பசிக்கேல்லையா, ஓம். தலையைத் தலையணையில் அடித்துக்கொண்டு ஓம்.

மூன்றாம் கிழமை ஒரு மத்தியானம் அவர் பாடினார். யன்னல் பக்கம் திரும்பியிருந்தவர், அன்று மேடையில் பாடியிருக்க வேண்டிய பாட்டைத் தொடங்கினார். இத்தாலிய மொழி. ஒரு சொல் பிசகவில்லை. மேலே போக வேண்டிய இடத்தில் குரல் மேலே போயிற்று. தாதிகள் வாசலில் கூடிவிட்டார்கள், பக்கத்துக் கட்டில்காரர் கை தட்டினார். நான் விக்கி விக்கி அழுதேன். எல்லாம் முடிந்தது, நோய் வருத்தம் போய்விட்டது என்று நினைத்தேன்.

பாட்டு முடிந்ததும் அவர் மேசையில் இருந்த தண்ணீர்க் கோப்பையைக் காட்டினார். வாயைத் திறந்தார். “ஓம்” என்றார். பிறகும் “ஓம்.” தண்ணீர் என்ற சொல் எந்த மொழியிலும் வரவில்லை. கோப்பையைத் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்குப் பிறகு அந்த வாட்டில் யார் கேட்டாலும் பாடவில்லை.

பேச்சுப் பயிற்சியாளர் ஒரு பெண், பெயர் நோரா. அவர்தான் விளக்கினார். பாட்டு மூளையில் வேறு வழியால் வருகிறதாம். மனப்பாடமான பாட்டு முழுதாக வரும்; ஆனால் அது பேச்சில்லை. நீங்களும் இதை ஞாபகம் வையுங்கள். உங்கள் ஆள் தேவாரம் சொல்லக்கூடும், நாட்களின் பெயரை வரிசையாகச் சொல்லக்கூடும். சந்தோசப்படுங்கள், ஏமாறாதீர்கள்.

என் அண்ணைக்கு அது விளங்கவில்லை. ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியிருந்தார், வீடு குடிபூரலுக்கு யூராய் பாட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

“மச்சான் பாடுறார்தானே? பிறகென்ன வருத்தம்? நாலு சனத்துக்கு முன்னாலை பாடினால் தன்பாட்டிலை எல்லாம் வரும்.”

“அண்ணை, அவருக்கு இப்ப கக்கூசுக்குப் போக வேணுமெண்டு சொல்லத் தெரியாது. உங்கடை சனத்துக்கு ஓபரா கேக்குதோ?”

“உன்ரை வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேணும்.”

“போடுங்கோ. ஒரு வாய் பூட்டினது காணாதாக்கும்.”

ஃபோனை வைத்துவிட்டேன். அண்ணை மூன்று மாதம் கதைக்கவில்லை. பக்கத்தில் இருந்து கேட்ட யூராய் என் தோளைத் தட்டி, “போதும்” என்றார். ஓமுக்குப் பிறகு வந்த இரண்டாவது சொல் அது. அண்ணைக்கு அந்தளவில் நன்றி.

நோரா ஒரு முறையைத் தொடங்கினார்: மெட்டுவழிப் பேச்சுப் பயிற்சி. தேவையான வசனத்தை இரண்டே சுரத்தில் இழுத்துச் சொல்லி, இடது கையால் மேசையில் தட்டி, பிறகு மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிடுவது. ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்.’ மற்ற நோயாளிகளுக்கு இது நல்ல பலன் தருமாம். எங்கள் ஆளோடு வந்தது வினை. அவர் அதை உண்மையாகவே பாடினார். உயிரெழுத்தையெல்லாம் நீட்டி, மூச்சை நிறைத்து, அறை அதிரப் பாடினார். சொல் கரைந்துபோய்ச் சுரம்தான் மிஞ்சியது. அதிலும் நோராவின் சுதி பிசகினால் கையை உயர்த்தி அவரைத் திருத்துவார்! ரெனருக்கு மட்டுமே வரக்கூடிய வியாதி.

கடைசியில் நோரா தலையில் கை வைத்துக்கொண்டார். “தயவுசெய்து நன்றாகப் பாடாதீர்கள். மோசமாகப் பாடுங்கள்” என்றார். முப்பது வருடம் நன்றாகப் பாடக் கற்ற மனுசனுக்கு அதைவிடக் கடினமான பாடம் இல்லை.

பிறகு என்னைப் பார்த்து, “உங்களுக்குப் பாட வருமா?” என்று கேட்டார்.

“சுட்டுப்போட்டாலும் வராது.”

“அப்படியென்றால் நீங்கள்தான் சரியான ஆள்.”

அப்படித்தான் என் பஸ் பள்ளிக்கூடமானது. எனக்கு அப்போது லோறன்ஸ் வீதிப் பாதை. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தான். தினமும் என் பகல் ஓட்டத்தில் ஏறி, முன் இருக்கையில் இருப்பார். விக்ரோரியா பார்க், பாமசி, வோர்டன், பேர்ச்மவுண்ட், கெனடி. பஸ்ஸில் ஒரு பதிவுக் குரல் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் சொல்லும். அந்தக் குரல் சொல்வதற்கு முன் யூராய் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. அந்தக் குரலில் ஒரு இனிமையும் இல்லை, அதைப் பார்த்துப் பாட எவருக்கும் ஆசை வராது. மோசமாகச் சொல்ல அதைவிட நல்ல குரு கிடையாது.

ஓட்டும்போது நான் யாரோடும் கதைக்கக்கூடாது, அது எங்கள் வேலைச் சட்டம். அவர் திக்குவார், முகம் சிவக்கும், தொடையில் தட்டுவார், “வ... வ...” என்பார். எனக்கு நாக்கு நுனியில் வோர்டன் நிற்கும். சொல்லிக்கொடுக்க முடியாது. மேடை நாளில் அவர் பட்ட பாடு எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் மாதம் முழுக்க மெசின்தான் வென்றது. சில சனம் இடம் மாறி இருந்தது. ஒரு அன்ரி, “தம்பி, கெனடி இன்னும் வரேல்லை, அவசரப்படாதையும்” என்று ஆறுதல் சொன்னா. ஒருவன் குடித்திருக்கிறாரா என்று கேட்டான். கண்ணாடியில் நான் பார்த்த பார்வையில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். யூராய் ஒரு நாள்கூட வராமல் விடவில்லை. பனி கொட்டிய நாளிலும் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நிறுத்தத்தில் நிற்பார். ஐந்தாம் மாதம் ஒருநாள், பதிவுக் குரலுக்கு முன்னால், தட்டையாக, மோசமாக, அழகே இல்லாமல், “வோர்டன்” என்றார். பின்னால் யாரோ விசிலடித்தார்கள். நான் வீதியைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

அந்த வருடம் ஓபரா நிறுவனம் கூட்டுப் பாடலில் சேரச் சொல்லிக் கூப்பிட்டது. ஒரு ஒத்திகைக்குப் போனார். பாட்டு வந்தது. ஆனால் இசை நடத்துநர் நிறுத்தி, இந்த இடத்திலிருந்து திரும்ப, இப்போது மெதுவாக, நீங்கள் இடப்பக்கம் போங்கள் என்று வேகமாகச் சொன்னபோதெல்லாம் மற்றவர்கள் தொடங்கிய பிறகுதான் அவருக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு, “போதும்” என்றார். அழவில்லை. அடுத்த நாள் பஸ்ஸுக்கு வந்துவிட்டார்.

பாட்டை விட்ட மனுசன் பேச்சுக்காக ஏன் இப்படிச் சாகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. என் மனதில் அப்போது ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது: அன்று காலை நான் விரலைப் பார்த்துச் சிரிக்காமல், ஒரு சொல் சொல்ல வைத்திருந்தால்? தலைமயிர் கட்டப் போகாமல் இருந்திருந்தால்? குடும்ப டொக்டரிடம் கேட்டேன், நோராவிடம் கேட்டேன். உங்கள் பிழையில்லை என்றார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அங்கே நின்றது நான்.

போன பங்குனி மாதம், ஒரு பின்னேரம். சப்வே நிலையத்தில் ஓட்டம் முடிந்து, திரும்பப் புறப்பட ஏழு நிமிடம் இருந்தது. சனம் இறங்கிவிட்டது, பஸ்ஸில் நானும் அவரும்தான். ஃபிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

“காலமை,” என்றார்.

“இப்ப பின்னேரம், யூராய்.”

தலையை ஆட்டினார். இடது கை தொடையில் தட்டத் தொடங்கியது. “அந்த. காலமை.”

நான் ஃபிளாஸ்கை மூடினேன். இனி வந்தவற்றில் பாதி ஆங்கிலம், ஒன்றிரண்டு ஸ்லோவாக். பொருளைத் தருகிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு நிறுத்தத்துத் தூரம் இருந்தது.

“குளியலறை. பாட்டு... தொடங்கினேன். மெதுவாக. வரவில்லை. பிரஷ்... விழுந்தது. கை... என் கை இல்லை.” மூச்சு வாங்கினார். அடுத்ததைத் தமிழில் சொன்னார்: “தெரியும்.”

“என்ன தெரியும்?”

“எனக்கு. தெரியும். நீ... கேட்டாய்.” இடது விரலைத் தூக்கி உதட்டில் வைத்தார். எடுத்தார். “பொய். அது... பொய். ஒரு நாள். எனக்கு... ஒரு நாள்தான்.”

எனக்கு முதலில் வந்தது கோபம். மறைக்க மாட்டேன். இரண்டு வருடம் நான் என்னையே தின்றுகொண்டிருந்திருக்கிறேன், இந்த மனுசன் தெரிந்துகொண்டே வாயை மூடியிருக்கிறார்! சொன்னால் நான் மேடைக்கு விடமாட்டேன், அம்புலன்ஸுக்கு அடிப்பேன் என்று தெரிந்து, விரலை உதட்டில் வைத்திருக்கிறார்!

“பாவி மனுசா! செத்துப்போயிருப்பீங்கள்! நான் கேட்டனான் எல்லோ!”

“தெரியும்,” என்றார். கையிரண்டையும் தூக்கினார். வலது கை கொஞ்சம் பிந்தித்தான் உயர்ந்தது. “தெரியும். நீ... பிழை இல்லை. நீ பிழை இல்லை.”

அவருடைய நெஞ்சில் இரண்டு குத்துக் குத்திவிட்டு, அங்கேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அழும்போதுதான் உறைத்தது. இரண்டு வருடம் தொடையில் தட்டித் தட்டி, மெசினோடு போட்டி போட்டு, இவர் தேடியது இந்த நாலு வசனத்தைத்தான். அவருக்கு முப்பது நாற்பது பாத்திரம் மனப்பாடம். அதில் எந்தப் பாட்டிலும் இது இல்லை. நான் என்னைக் கரித்துக் கொட்டிக்கொண்டு திரிந்ததை எல்லாம் பார்த்துக்கொண்டு, சொல்ல வழியில்லாமல் இருந்திருக்கிறார்.

உங்கள் வீட்டில் வாய் பேசாமல் இருக்கிறவருக்கும் சொல்ல ஏதோ இருக்கும். அது என்னவென்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். மௌனத்துக்கு நியாயம் கற்பிக்கவும் வேண்டாம். முகம் கோணினால், கை தளர்ந்தால், உடனே அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், மேடை நாளென்றாலும் சரி.

ரேடியோ கரகரத்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து, பஸ் ஏன் இன்னும் புறப்படவில்லை என்று கேட்டார்கள். பத்தொன்பது வருடத்தில் என் பிழையால் ஒரு நிமிடம் பிந்தியதில்லை என்று பெருமை பேசுகிறவள் நான். கண்ணாடியில் பார்த்தால் வெளியே சனம் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது.

“காரணம்?” என்று கேட்டார்கள்.

“என்ரை மனுசன் கதைச்சுக்கொண்டிருந்தவர்,” என்றேன், அதை ஆங்கிலத்தில்.

நான்கு நிமிடம் பிந்திப் புறப்பட்டோம். முன்பென்றால் பச்சை விளக்குகளைத் துரத்தி அந்த நான்கு நிமிடத்தையும் கெனடிக்குள் பிடித்திருப்பேன். அன்று பிடிக்கவில்லை. என் தோள் இரண்டும் எப்போதும் காதுவரை ஏறியிருக்கும், இரண்டு வருடத்துக்குப் பிறகு அவை கீழே இறங்கியிருந்ததைக் கவனித்தேன். பாமசிக்கு முன்னால் யூராய் வாயைத் திறந்தார். களைத்துப் போயிருந்தார், பதிவுக் குரல் முந்திவிட்டது. அவர் விடவில்லை, தொடையில் தட்டிக்கொண்டே “ப... பா...” என்றார். பஸ் நின்றுவிட்டது, சனம் எழும்பிவிட்டது. அவர் சொல்லி முடித்த பிறகுதான் நான் கதவைத் திறந்தேன்.